வேலை, பிள்ளைகள், ஒரே ஒரு மேசை: வாட்டர்கலருக்கு நேரம் எப்படி எடுப்பது?

செங்காங்_அம்மா

வணக்கம். சிங்கப்பூரில் செங்காங்கில் வீடு. மகள் தொடக்கநிலை 2, மகன் பாலர் பள்ளி கே1. எனக்கும் கணவருக்கும் முழுநேர வேலை. என் அலுவலகம் தஞ்சோங் பகாரில்; வாரத்தில் நாலு நாள் நேரில் போக வேண்டும். ஒருத்தியை மாணவர் பராமரிப்பு நிலையத்திலிருந்தும் இன்னொருவனைப் பாலர் பள்ளியிலிருந்தும் 7 மணிக்குள் அழைத்து வரணும். பிறகு சாப்பாடு, குளியல், ஸ்பெல்லிங், படுக்கை என்று 9.30 ஆகிவிடும். அதற்கப்புறம் பாத்திரம், மறுநாள் பை.

வாட்டர்கலரை மட்டும் விட மனசில்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம் என்று திட்டம் போட்டால், அந்த இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் வருவதே இல்லை. வருவதெல்லாம் 15, 20 நிமிடம். சாமான்களை எடுத்துப் பரப்பவே அது போய்விடுகிறது. நாலறை வீடு, இருப்பது சாப்பாட்டு மேசை ஒன்றுதான், வீட்டுப்பாடமும் அதில்தான்.

இந்தத் துண்டு நேரத்தில் வாட்டர்கலர் செய்ய முடியுமா, இல்லை வேறு எதற்காவது மாறணுமா? ஆர்வம் இருந்தால் நேரம் தானாக வரும் என்கிற பதில் வேண்டாமே. என்ன அளவு, என்ன வரிசை, எதை எங்கே வைப்பது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

ஈரத்தூரிகை

மாற வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வாட்டர்கலரைவிடத் தோதான வண்ணம் இல்லை. ஒரு லேயர் போட்டால் அது முழுசாகக் காயும்வரை எப்படியும் தொடக் கூடாது. அந்த நேரத்தில் மகனைக் குளிப்பாட்டலாம், அரிசியைக் கழுவிக் குக்கரில் வைக்கலாம். அக்ரிலிக் என்றால் தட்டிலேயே இறுகி வீணாகும். வாட்டர்கலர் காய்ந்து கிடந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் மறுபடி எழும்பும்.

இரண்டு மணி நேரத்தைத் தேடுவதை விடுங்கள். படத்தைச் சிறிதாக்கி, நடுவில் நிறுத்தினாலும் கெடாத வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முழுத் தாள் 56 × 76 செ.மீ. அதை இரண்டு பக்கமும் நான்காக வெட்டினால் 14 × 19 செ.மீ. அளவில் 16 துண்டு கிடைக்கும். இந்த அளவில் வானம் முழுக்க ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த வண்ணத்தைப் பரவலாகப் பூசுவது) போட மூன்று நிமிடம் போதும். இதையே ஏ3-இல் செய்யப் போனால் பாதியில் பிள்ளை கூப்பிட்டதும் நடுவானத்தில் கோடு விழும். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), 100 சதவீதப் பருத்தி, கோல்ட் பிரஸ், அதாவது லேசாகச் சொரசொரப்பானது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். செல்லுலோஸ் (மரக்கூழ்) தாளில் இரண்டாவது லேயர் போடும்போது கீழே காய்ந்த வண்ணம் கிளம்பிச் சேறாகும். ஒரே மூச்சில் முடிப்பவர் அதில் தப்பிக்கலாம்; நாலு உட்காரலில் லேயர் லேயராகப் போடுகிற உங்களுக்கு அது சரிப்படாது.

ஒரு படத்துக்கு வரிசை இப்படி:

முதல் வேலை, உள்ளங்கை அளவில் ஒரு சின்ன ஸ்கெட்ச். 5 × 7 செ.மீ. கட்டம் போட்டு, பென்சிலால் வெளிச்சம், நடு, இருட்டு என்று மூன்றே நிழல். எட்டு நிமிடம் ஆகும். ரயிலிலோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ செய்யலாம். இதைத் தாண்டிக் குதித்தால் பிறகு தாளின் முன்னால் யோசிப்பதிலேயே உங்கள் 20 நிமிடம் முழுக்கப் போகும். யோசிப்பதை வீட்டுக்கு வெளியிலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது, தாளில் பென்சில் கோடு. 15 நிமிடம். 2பி பென்சில், அழுத்தாமல். இதைப் பிள்ளை பக்கத்தில் ஸ்பெல்லிங் எழுதும்போதே செய்யலாம். தண்ணீர் இல்லை, சிந்த எதுவும் இல்லை.

மூன்றாவது, முதல் வாஷ். உண்மையான வேலை பத்து நிமிடம்தான். வெள்ளையாக விட வேண்டிய இடத்தைத் தவிர எல்லாவற்றையும் வெளிர் வண்ணத்தில் மூடுங்கள். முடிந்ததும் எழுந்து போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருக்காது.

நான்காவது, நிழல்கள். 20 நிமிடம். படம் நிமிர்வது இங்கேதான். ஐந்தாவது, கடைசி இருட்டும் விவரமும். 15 நிமிடம், 4-ஆம் எண் பிரஷ்.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வாரத்துக்கு ஒரு படம் தாராளமாக வரும்.

இந்த முறை ஓட ஒரு பழக்கம் முக்கியம். ஒவ்வொரு முறையும் எழுந்திருப்பதற்கு முன், தாளைச் சுற்றி ஒட்டிய டேப்பின் மேலேயே அடுத்த வேலையை எழுதிவிடுங்கள்: ‘வலப்பக்கச் சுவர் நிழல், அல்ட்ராமரீன் 2 பங்கு, பர்ன்ட் சியன்னா 1 பங்கு’. கூடவே அந்தக் கலவையில் ஒரு தீற்றல். மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது நினைவிலிருந்து அதே நிறத்தைக் கலக்க யாராலும் முடியாது. கலக்கிக் கலக்கிப் பார்த்தே நேரம் தீரும்.

ஈரத்தூரிகை

சாமானைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் உங்கள் முதல் பிரச்சினை.

மேசையை மறந்துவிடுங்கள். வீட்டில் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் இருக்கும். இல்லையென்றால் பெரிய பேக்கிங் ட்ரே. 35 செ.மீ. அகலம் போதும். அதற்குள் எல்லாம் நிரந்தரமாக இருக்கணும்: தாள் ஒட்டிய பலகை, பேலட் (வண்ணம் வைத்துக் கலக்கும் தட்டு), மூன்று பிரஷ், பழைய பருத்தித் துணி, மூடியுள்ள காலிக் காயா ஜாடி இரண்டு. ஒரு ஜாடி கழுவ, இன்னொன்று சுத்தத் தண்ணீர். ஜாடிகளில் தண்ணீரைக் காலையிலேயே பிடித்து மூடி வையுங்கள். அலமாரிக்கு மேலேயிருந்து தாம்பாளத்தை இறக்கி, மூடியைத் திறந்தால் வேலை தொடங்கிவிட வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் எதையோ தாம்பாளத்துக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பிரஷ் மூன்று போதும்: ரவுண்ட் 8, ரவுண்ட் 4, 12 மி.மீ. தட்டை. சிந்தெடிக் நல்லதே. பிள்ளை கூப்பிட்டதும் பிரஷ்ஷை ஜாடிக்குள் போட்டுவிட்டு ஓடுவதுதான் எல்லாரும் செய்வது. நுனி வளைந்துவிடும், மரக்கைப்பிடி ஊறிப் பெயின்ட் வெடிக்கும், உலோக வளையம் ஆட்டம் காணும். துணிமேல் படுக்கப் போட்டுவிட்டு ஓடுங்கள்; அதற்கும் அதே ஒரு நொடிதான்.

வண்ணம் ஆறு: ஹன்சா மஞ்சள், யெல்லோ ஓக்கர், குவினாக்ரிடோன் ரோஸ் (டியூப்பில் உள்ள நிறமி எண் பிவி19), அல்ட்ராமரீன் (பிபி29), தாலோ நீலம் (பிபி15), பர்ன்ட் சியன்னா. டியூப் வாங்கி, ஹாஃப் பேன் என்கிற சின்ன வண்ணக் கிண்ணங்களில் நீங்களே நிரப்பினால் மலிவு. ஒரேயடியாக நிரப்பாதீர்கள், மேலே தோல் கட்டி உள்ளே கூழாக இருக்கும், காய்ந்தால் வெடித்து விழும். பாதி நிரப்பி இரண்டு மூன்று நாள் விட்டு, மீதியைப் போடுங்கள். தேன் சேர்த்துச் செய்யும் பிராண்டுகள் உண்டு, செனலியே, எம். கிரஹாம் போல. வண்ணம் அருமை, ஆனால் நம் ஊர் ஈரத்தில் பேனில் முழுசாக இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். தாம்பாளத்தைச் சாய்த்தால் வழியும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத் தவிர்ப்பது நல்லது.

கறுப்புமை

செங்காங்கிலிருந்து ஊட்ரம் பார்க், அங்கே மாறித் தஞ்சோங் பகார். அதாவது வடகிழக்குப் பாதையில் மாறாமல் ஏறத்தாழ அரை மணி நேரம், இரண்டு பக்கமும். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய துண்டு இதுதான் அக்கா. ஈரத்தூரிகை சொன்ன முதல் வேலையை இங்கே முடித்துவிடலாம், பயிற்சியும் ஆகும்.

ரயிலில் தண்ணீர் வேண்டாம். கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் வாட்டர்பிரஷ்கூட வேண்டாம், பிரேக் போட்டால் அடுத்தவர் சட்டையில்தான் விழும். ஏ6 அளவு, கெட்டி அட்டை ஸ்கெட்ச்புக், ஒரே ஒரு 0.5 பேனா. 0.1 பேனா ரயில் ஆட்டத்தில் தாளைக் கீறும், நுனியும் சீக்கிரம் உள்ளே போய்விடும். நின்றுகொண்டு வரைவதாக இருந்தால் புத்தகத்தை இடது உள்ளங்கையில் வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அப்போது புத்தகமும் கையும் சேர்ந்தே ஆடும், கோடு தடுமாறாது. நீளக்கோடுகளை நிலையத்தில் ரயில் நிற்கும்போது போடுங்கள், ஓடும்போது குறுக்குக்கோட்டு நிழலும் நிரப்புதலும். கம்பியைப் பிடிக்க முடியாத கூட்டத்தில் வரைய வேண்டாம்.

முகத்தை வரைய ஆரம்பித்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், உங்களுக்கும் சங்கடம், அவருக்கும் சங்கடம். பை, செருப்பு, போனைப் பிடித்த கைகள், தூங்குகிறவரின் தலைச்சாய்வு, இவை போதும். கை வரையப் பழக எம்ஆர்டியைவிட நல்ல இடம் கிடையாது: எதிர் வரிசையில் ஏழெட்டுக் கை அசையாமல் போனைப் பிடித்திருக்கும்.

பேனாக்கோட்டின்மேல் பிறகு வாட்டர்கலர் போடுவதாக இருந்தால் காய்ந்தபின் தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மை கட்டாயம். சக்குரா பிக்மா மைக்ரான் சரி. ஃபவுண்டன் பேனா என்றால் பிளாட்டினம் கார்பன் மை. ஆனால் வாரக்கணக்கில் தொடாமல் விட்டால் அது பேனாவுக்குள்ளேயே இறுகிவிடும், கழுவி எடுப்பது பெரும்பாடு. உங்களைப் போல வாரம் தவறிவிட வாய்ப்புள்ளவர்களுக்கு மைக்ரானே நிம்மதி. எந்த மையானாலும் பருத்தித் தாளில் உடனே நனைக்காதீர்கள். அந்தத் தாளில் பசை அதிகம், மை மேலேயே நிற்கும். ஐந்து நிமிடமாவது விடுங்கள். காலை ரயிலில் வரைந்ததை இரவு நனைத்தால் எந்தக் கவலையும் இல்லை.

மதிய இடைவேளை ஒரு மணி நேரம் என்றால், சாப்பாடு 25 நிமிடம், நடை 10, வரைய 20. கைவசம் இரண்டு மூன்று இடத்தைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள், தினமும் இடம் தேடக் கூடாது. தெலுக் ஆயர் தெருவின் கடைவீடுகளை எதிர்ப்பக்க ஐந்தடிப்பாதையின் (கடை முன்னால் கூரையோடு உள்ள நடைபாதை) நிழலில் நின்று வரையலாம், மழை வந்தாலும் நனையாது. உச்சி வெயிலில் சுவர்களில் நிழல் குறைவாக இருக்கும். அதனால் முழுக் கட்டடத்தை விட்டுவிட்டு ஒரு ஜன்னல், ஒரு வளைவு என்று எடுங்கள். ஜன்னல் பலகைகளுக்கு நடுவே உள்ள இருட்டை மட்டும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள், கோடே இல்லாமல் ஜன்னல் தெரியும்.

இரட்டையர்_அப்பா

படம் வரைவது பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நேரப் பங்கீடு பற்றி மட்டும்.

கணவரும் நீங்களும் ‘எப்போ முடியுதோ அப்போ’ என்று பேசி வைத்தால் அது ஒருநாளும் வராது. வாரத்தில் உங்களுக்கு 90 நிமிடம், அவருக்கு 90 நிமிடம், கிழமையும் மணியும் குறித்து இருவர் போனிலும் உள்ள பொது நாட்காட்டியில் போடுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருக்கணும். அவர் பூப்பந்து ஆடப் போகலாம், தூங்கலாம், அது அவர் இஷ்டம். அந்த 90 நிமிடத்தில் பிள்ளைகள் யாரிடம், சாப்பாடு எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதை எழுதாத வீட்டில், வரைய உட்கார்ந்தவரிடமே வந்து ‘முட்டை எங்கே இருக்கு’ என்று கேட்பார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதே வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வாரத்துக்குக் கடனாகச் சேர்க்காதீர்கள். கணக்கு ஏறினால் சண்டையில்தான் முடியும்.

வேலையிடத்தில் கேட்கவும் வழி இருக்கிறது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. தகுதிகாண் காலம் முடிந்த ஊழியர் முறையாக எழுத்தில் விண்ணப்பித்தால், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை; மறுத்தால் வேலை சார்ந்த காரணம் சொல்லணும். நேரில் போகும் நாலு நாளில் ஒரு நாளைக் குறைப்பதைவிட, ஒரு நாள் அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்பது எளிதில் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தைப் பிள்ளைகளை அழைப்பதற்கு முன்னாலேயே செலவழியுங்கள், வீட்டுக்குள் வந்தபிறகு அது நிற்காது. செங்காங் நூலகம் காம்பஸ் ஒன் கடைத்தொகுதியிலேயே, எம்ஆர்டி பக்கத்தில் இருக்கிறது. பென்சில் வேலைக்கு ஒரு மேசை கிடைக்கும்.

பிள்ளைகளுக்கு நீச்சல், தமிழ் டியூஷன் ஏதாவது இருந்தால் அந்தக் காத்திருப்பையும் கணக்கில் எடுங்கள். முக்கால்வாசிப் பெற்றோருக்கு வாரத்திலேயே யாரும் குறுக்கிடாத ஒரு மணி நேரம் அதுதான், அதைப் போனில் தேய்த்து முடிக்கிறோம்.

செங்காங்_அம்மா

மிக்க நன்றி, இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. தாம்பாளம் யோசனை பிடித்துவிட்டது. மகளுக்குச் சனிக்கிழமை காலை தேக்காவில் ஒன்றரை மணி நேரம் டியூஷன் இருக்கிறது. இதுவரை அந்த நேரத்தில் சந்தைக்குப் போவேன்.

மூன்று சந்தேகம். வாஷ் போடும் நடுவில் மகன் அழுதால் என்ன செய்வது? பழைய தாள்கள் வீட்டுக்குள் உள்ள பாம் ஷெல்டரில் (கான்கிரீட் பாதுகாப்பு அறை) இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் வண்ணம் புள்ளிப் புள்ளியாக உறிஞ்சுகிறது, பேலட்டிலும் வெள்ளையாகப் பூஞ்சை. தூக்கிப் போட வேண்டியதுதானா? அப்புறம், மகனும் கூடவே வரைய வேண்டும் என்கிறான்.

ஈரத்தூரிகை

அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பது வாஷ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இன்னும் பளபளவென்று நனைந்திருக்கிறது என்றால் உங்களுக்கு ஒரு நிமிடம் இருக்கிறது. அருகில் எந்த விளிம்பு இருக்கிறதோ, கூரை ஓரமோ மரத்தின் ஓரமோ, அதுவரை இழுத்து நிறுத்துங்கள். பொருள் முடியும் இடத்தில் நிற்கிற கோடு யார் கண்ணுக்கும் தெரியாது. விளிம்பே பக்கத்தில் இல்லையென்றால் பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து, ஈரப்பசை மட்டும் உள்ள பிரஷ்ஷால் வாஷின் ஓரத்தைத் தடவி மெலியவிட்டுக் கிளம்புங்கள்.

பளபளப்பு போய்க்கொண்டிருக்கிறது, ஆனால் தொட்டால் ஈரம். இதுதான் ஆபத்தான கட்டம். திரும்பி வந்து அதில் ஒரு சொட்டு வைத்தாலும் அந்தத் தண்ணீர் வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் போல ஓரம் கட்டும். கை வைக்காதீர்கள். முழுசாகக் காயவிட்டு, பிறகு அந்தப் பகுதி முழுவதையும் சுத்தத் தண்ணீரால் மென்மையாக நனைத்து, மேலே இன்னொரு மெல்லிய வாஷ் போடுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையைத் தாளுக்கு மேல் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே இன்னும் ஈரம். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 சதவீதத்துக்கு மேல் போகும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். அதனால் சனிக்கிழமை பிற்பகல் ஃபேனுக்கு அடியில் 15 நிமிடத்தில் காய்வது, டிசம்பர் மழை மாலையில் அதற்கு இருமடங்கு எடுக்கும். ஏர்கான் ஓடும் அறையில் சீக்கிரம் காயும். ஹேர் டிரையர் பயன்படுத்தலாம், பளபளப்பு போன பிறகு மட்டும், 30 செ.மீ. தள்ளி. முன்னாலேயே ஊதினால் வண்ணத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும்.

இன்னொன்று, டேப். ஒரே நாளில் முடிப்பவர்களுக்குச் சாதாரண மாஸ்கிங் டேப் போதும். வாரம் முழுக்க ஒட்டியே இருந்தால் பசை ஈரத்தில் தாளோடு இறுகி, உரிக்கும்போது மேல்தோலையும் கிழித்து எடுக்கும். படம் முடிந்த சந்தோஷத்தில் இருக்கும்போது இது நடந்தால் மனசு கேட்காது. பசை குறைந்த வாஷி டேப் போடுங்கள், அல்லது நாலு மூலையிலும் கிளிப். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் டேப்பை டிரையரால் பத்து நொடி சூடாக்கி, படத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் முதல் வாஷைத் தொடங்காதீர்கள் என்பது என் கருத்து. களைப்பில் தண்ணீர் அளவு பிடிபடாது. அந்த நேரத்தில் தாள் வெட்டலாம், டேப் ஒட்டலாம், பேன் நிரப்பலாம். கட்டாயம் வரையணும் என்றால் விளக்கைக் கவனியுங்கள்: கூடத்து மஞ்சள் விளக்கில் மஞ்சள் வண்ணம் தெரியவே தெரியாது, அள்ளிப் போட்டுவிடுவீர்கள், காலையில் பார்த்தால் திடுக்கென்று இருக்கும். 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற நிறம்), சிஆர்ஐ (நிறங்களைச் சரியாகக் காட்டும் அளவு) 90-க்கு மேல் உள்ள சின்ன மேசை விளக்கு ஒன்று, வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம்.

தாள்_காப்பாளர்

தாள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தாளின் பசை செத்துவிட்டது. வாட்டர்கலர் தாளில் ஜெலட்டின் மாதிரி ஒரு பசை பூசியிருப்பார்கள். வண்ணம் உள்ளே இறங்காமல் மேலே நின்று பரவுவது அதனால்தான். காற்றோட்டம் இல்லாத ஈரமான இடத்தில் அது அங்கங்கே கெட்டுப் போகும், கெட்ட இடத்தில் வண்ணம் மை உறிஞ்சும் தாளில் போல இறங்கும். பாம் ஷெல்டரில் காற்று நகராது. தாளுக்கு அதைவிட மோசமான இடம் வீட்டில் குளியலறை ஒன்றுதான். அந்தத் தாளைத் தூக்கிப் போட வேண்டாம்: பென்சில், பேனா, சின்ன ஸ்கெட்ச், வண்ணக் கலவை சோதிக்க எல்லாம் ஆகும். மகனுக்கும் கொடுக்கலாம், பூஞ்சை வாடை அடிக்காத தாளாகப் பார்த்து.

புதிய தாளை வாங்கிய அன்றே 16 துண்டாக வெட்டி, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கேமராவுக்கு டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால் அதில் ஒரு தட்டைக் கேளுங்கள், 45 சதவீதம் அருமையான அளவு. சிலிக்கா ஜெல்லில் ஆரஞ்சு நிறம் வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். ஆரஞ்சு நிறம் மாறியதும் ஈரம் குடித்து முடித்தது என்று அர்த்தம். ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். பிளாஸ்டிக் பையோடு வைத்துவிடாதீர்கள், தட்டில் கொட்டி.

வாங்க: பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியக் கடைகள் இருக்கின்றன. முழுத் தாளாக வாங்கி வெட்டுவது பேட் (வெட்டித் தொகுத்த தாள்கட்டு) வாங்குவதைவிட மலிவு. பாவ்ஹாங் பருத்தித் தாள் பழகுவதற்குப் போதுமானது. ஆர்ச்சஸ் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேலட்டில் பூஞ்சை வருவது பெரும்பாலும் ஈரத்தோடு மூடி வைப்பதால்தான். மேலே உள்ள வெள்ளையைப் பழைய டூத்பிரஷ்ஷால் வழித்து எறிந்து, பேனின் மேல்பரப்பை ஈரத் துணியால் துடைத்து, 70 சதவீத ஆல்கஹாலைத் தெளித்துத் திறந்தபடி காயவிடுங்கள். வாடை போகாத பேனை மட்டும் தூக்கிப் போடுங்கள். இனிமேல் வரைந்து முடித்ததும் கலக்கும் பகுதியைத் துடைத்து, இரவு முழுக்கத் திறந்தே வையுங்கள், அலமாரிக்கு மேலே என்பதால் பிள்ளை கையும் எட்டாது. காலையில் மூடினால் போதும்.

கறுப்புமை

தேக்கா டியூஷன் நேரத்தைச் சந்தைக்கே கொடுத்துவிடாதீர்கள் அக்கா! முதலில் ஒரு மணி நேரம் வரைதல், கடைசி அரை மணியில் சந்தை. மாற்றிச் செய்தால் மீன் கையில் இருக்கும், வரைய முடியாது.

சந்தையிலிருந்து சாலையைக் கடந்தால் கெர்பாவ் சாலை, 37-ஆம் எண், டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வீடு, 1900-இல் கட்டியது. எத்தனை நிறம் என்று பார்த்து மலைக்க வேண்டாம், எல்லா நிறத்தையும் போட முயன்றால் பொம்மை வீடு மாதிரி வரும். ஒரே ஒரு ஜன்னல் ஜோடியை எடுத்து, மூன்று நிறத்தோடு நிறுத்துங்கள். சுவரில் மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை வரும்போது, மஞ்சள் காய்ந்த பிறகுதான் பச்சை. ஈரமாக இருந்தால் இரண்டும் ஓடிக் கலந்துவிடும். காயக் காத்திருக்கும்போது பேனாவால் கதவைப் போடலாம்.

அர்பன் ஸ்கெட்சர்ஸ் சிங்கப்பூர் குழுவினர் மாதம் ஒருமுறை ஏதாவது ஓர் இடத்தில் கூடி வரைகிறார்கள், கட்டணம் இல்லை. முழு நேரமும் இருக்கணும் என்கிற கட்டாயம் கிடையாது, பிள்ளையோடு வந்து ஒரு மணி நேரத்தில் கிளம்பலாம். வாரம் முழுக்க வேலை, வார இறுதியில் ஆற்றங்கரை என்று வரைந்தவர்தான் லிம் செங் ஹோ. 1969-இல் தொடங்கிய சிங்கப்பூர் வாட்டர்கலர் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். நேஷனல் கேலரியில் (தேசியக் கலைக்கூடம்) அவர் படங்கள் இருக்கின்றன. குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்களுக்கு நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம். போனால் ஒன்றைப் பாருங்கள், எவ்வளவு இடத்தை வெறும் தாளாகவே விட்டிருக்கிறார் என்று. நேரம் குறைவாக உள்ளவர் கற்க வேண்டியது அது: எதைப் போடாமல் விடலாம்.

இரட்டையர்_அப்பா

மகனோடு வரைவதைப் பற்றி: கண்டிப்பாகச் செய்யுங்கள், ஆனால் அதை உங்கள் 90 நிமிடத்தில் சேர்க்காதீர்கள். அது வேறு கணக்கு. ஐந்து வயதுப் பிள்ளை 15, 20 நிமிடம் உட்காரும். அதற்குள் பத்துத் தடவை ‘அம்மா இங்க பாரு’ வரும், வரணும். அந்த நேரத்தில் நீங்கள் பென்சில் வேலையோ வண்ணச் சோதனையோ மட்டும் எடுங்கள். முதல் வாஷை எடுத்தால் அவன்மேல் எரிச்சல்தான் வரும்.

அவனுக்குத் தனித் தட்டு, தனி ஜாடி, தனி வண்ணம். உங்கள் பேலட்டைப் பகிர வேண்டாம். பிள்ளைகளுக்கான பெட்டியில் ‘ஏபி’ முத்திரை, அதாவது நச்சில்லை என்று சான்றளித்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். பெரியவர்கள் வண்ணத்தில் காட்மியம், கோபால்ட் உள்ளவற்றைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள்; டியூப்பில் பிஆர்108, பிஒய்35, பிபி28 என்று எண் போட்டிருக்கும். ஈரத்தூரிகை சொன்ன ஆறில் இவை எதுவும் இல்லை, அதனால் கவலை குறைவு. குடிக்கிற டம்ளரில் பிரஷ் கழுவுகிற பழக்கம் மட்டும் வீட்டில் யாருக்கும் வேண்டாம். மூடியுள்ள ஜாடி நல்லது, அவன் கை தட்டினாலும் வீட்டுப்பாட நோட்டு தப்பும்.

பெரிய பிரஷ் கொடுங்கள், 10 அல்லது 12. சின்ன பிரஷ் கொடுத்தால் தாளைக் குத்துவான். தாள் 200 ஜிஎஸ்எம் போதும், ஏ4-ஐப் பாதியாக. இரண்டு வண்ணம் மட்டும் திறந்து வையுங்கள், மஞ்சளும் நீலமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை வருவதை அவனே கண்டுபிடிப்பான். பன்னிரண்டையும் திறந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் சாம்பல் நிறம், அப்புறம் தாள் கிழியும்.

செங்காங்_அம்மா

கணவரோடு பேசிவிட்டேன். எனக்கு ஞாயிறு 3 மணி முதல் 4.30 வரை, அவருக்குப் புதன் இரவு. எவர்சில்வர் தாம்பாளத்துக்கு அடியில் ஈரம் பட்டு அலமாரி கறை ஆகுமா என்று மட்டும் கேட்கிறார்.

ஈரத்தூரிகை

ஆகாது, ஆனால் ஜாடித் தண்ணீரை மேலே ஏற்றும் முன் கொட்டிவிடுங்கள். நிரம்பிய ஜாடியோடு தலைக்கு மேல் தூக்கும்போதுதான் சிந்தும். நிரம்பிய ஜாடிகளைக் காலையில் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டு, தாம்பாளத்தை இறக்கிய பிறகு அதில் எடுத்து வையுங்கள். தாம்பாளத்துக்கு அடியில் வழுக்காத அலமாரி விரிப்பு ஒரு துண்டு போட்டால் இழுக்கும்போது சத்தமும் வராது, 9.30-க்குப் பிறகு எடுத்தாலும் பிள்ளைகள் எழுந்துகொள்ள மாட்டார்கள்.